ஆய்வுப் பகுதியை முழுசாக மூடும் படங்களை மட்டும் வடிகட்டுவது எப்படி? ஃபில்டர்பவுண்ட்ஸ் போதுமா?

வாசகர் கேள்வி, ஜூன் 4

கூகுள் எர்த் எஞ்சினில் (செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் தளம்) ஒரு ஏரியின் நீர்ப்பரப்பைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிடுகிறேன். இடத்தை வைத்துப் படங்களை வடிகட்டும் ஃபில்டர்பவுண்ட்ஸில் ஏரியின் பாலிகனை, அதாவது எல்லை வரைந்த வடிவத்தை, கொடுத்திருக்கிறேன். மேகம் குறைந்த படங்கள்தான். ஆனாலும் சில தேதிகளில் பரப்பு திடீரென்று பாதியாக விழுகிறது, அடுத்த தேதியில் பழையபடி ஏறிவிடுகிறது. ஃபில்டர்பவுண்ட்ஸ் என் பகுதியை முழுசாக மூடும் படங்களைத்தானே தரும்? கோளாறு எங்கே?

ஜூன் 4, மதியம்

அப்படித் தராது. ஃபில்டர்பவுண்ட்ஸ் ஒன்றை மட்டும்தான் பார்க்கும்: படத்தின் எல்லையும் உங்கள் பாலிகனும் எங்காவது தொடுகின்றனவா? ஒரு மூலை உரசினாலும் படம் உள்ளே வந்துவிடும்.

இதே வரைபடம் எனக்கும் வந்திருக்கிறது. ஒரு நீர்த்தேக்கத்தின் நான்கு வருடக் காலத்தொடர். அதில் பற்கள் மாதிரி இறக்கங்கள். மதகு திறந்ததால் வந்த இறக்கம் என்று நினைத்து, திறப்புத் தேதிகளோடு ஒப்பிடுவதில் இரண்டு நாட்கள் போயின. கடைசியில்தான் படத்தையே திறந்து பார்த்தேன். நீர்த்தேக்கத்தின் குறுக்கே சாய்வாக ஒரு வெட்டு. வெட்டுக்கு மேற்கே கரும்பச்சை நீர், கரையோரச் சேறு, ஒரு படகுத்துறை வரை தெரிகிறது. கிழக்கே ஒன்றுமே இல்லை, திரையின் பின்னணி மட்டும். இருந்த பாதியை ஸ்கிரிப்ட் சரியாகவே அளந்து கொடுத்திருந்தது.

உடனடி வழி: ஃபில்டர்பவுண்ட்ஸுக்குப் பிறகு இன்னொரு ஃபில்டர் சேருங்கள், கன்டெய்ன்ஸ் என்ற வகை. இடது புலமாகப் படத்தின் ஜியோமெட்ரி (புள்ளி வைத்து 'ஜியோ' என்று எழுதுவோமே, அது), வலது மதிப்பாக உங்கள் பாலிகன். ஃபில்டர்பவுண்ட்ஸை எடுத்துவிட வேண்டாம். முதலில் கூட்டத்தைக் குறைத்துக் கொடுப்பது அதுதான். அது இல்லாமல் கன்டெய்ன்ஸை மட்டும் போட்டால் முழு கலெக்ஷனையும் துழாவிக்கொண்டிருக்கும்.

ஜூன் 4, இரவு

மதியம் எழுதியதில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின. இரண்டிலும் நானே மாட்டியிருக்கிறேன்.

ஒன்று, திசை. இடதுபக்கம் இருப்பது வலதுபக்கத்தை உள்ளடக்க வேண்டும் என்பதுதான் கன்டெய்ன்ஸ். எர்த் எஞ்சினில் இஸ்கன்டெய்ண்ட் என்று இன்னொன்றும் உண்டு, அது நேர் எதிர். மாற்றிப் போட்டால், உங்கள் ஏரிக்குள் அடங்கும் படங்களைத் தேடும். நூறு கிலோமீட்டர் படம் ஏரிக்குள் எப்படி அடங்கும்? விடை பூஜ்யம். பிழைச் செய்தியும் வராது, காலி கலெக்ஷன்தான் வரும்.

இரண்டு, சிலர் ஜியோமெட்ரிக்குப் பதிலாக சிஸ்டம் ஃபுட்பிரிண்ட் (படம் தரையில் மூடும் இடத்தின் எல்லை) என்ற பண்பைக் கொடுக்கிறார்கள். அது பெரும்பாலும் மூடிய கோடாக, அதாவது ரிங்காக, சேமிக்கப்பட்டிருக்கும். கோட்டுக்குப் பரப்பு கிடையாது. வேலி வயலைச் சுற்றி நிற்கிறது, ஆனால் வேலிக்குள் வயல் 'அடங்கியிருக்கிறது' என்று கணிதம் ஒத்துக்கொள்ளாது. மறுபடியும் காலி கலெக்ஷன்.

ஜூன் 5

"வெட்டு ஏன் சாய்வாக வருகிறது, டைல் சதுரம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சென்டினல்-2 பறக்கும்போது சுமார் 290 கிலோமீட்டர் அகலப் பட்டையாகத் தரையைப் படம் பிடிக்கிறது. துருவத்துக்குத் துருவம் போகும் சுற்றுப்பாதை, ஆனால் நேர் வடக்கு தெற்காக அல்ல, கொஞ்சம் சாய்வாக. பிடித்த பட்டையைப் பிறகு தரையில் நிலையாக வரையப்பட்ட சதுரங்களாக, அதாவது டைல்களாக, நறுக்குகிறார்கள். ஒவ்வொரு சதுரமும் 10 மீட்டர் பிக்சலில் 10980 க்கு 10980, அதாவது 109.8 கிலோமீட்டர். சதுரங்கள் 100 கிலோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டிருப்பதால், பக்கத்துச் சதுரங்கள் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்.

பட்டை சாய்வு, சதுரம் நேர். பட்டையின் ஓரம் எந்தச் சதுரத்தின் வழியாகப் போகிறதோ அங்கே சதுரத்தின் ஒரு பக்கம் நிரம்பியும் மறுபக்கம் காலியாகவும் இருக்கும். அதே சதுரத்தைப் பக்கத்துச் சுற்றுப்பாதை வேறொரு நாளில் மறுபக்கமிருந்து நிரப்பும். உங்கள் ஏரி அப்படிப்பட்ட சதுரத்தில் இருந்தால், ஒரு தேதியில் மேற்குப் பாதி, இன்னொரு தேதியில் முழுசு, இன்னொன்றில் கிழக்கு மூலை என்று மாறி மாறி வரும். உங்கள் வரைபடத்தின் பற்கள் ஒரே இடைவெளியில் வருகின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு செயற்கைக்கோளும் 10 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது, இரண்டு சேர்ந்தால் 5 நாள். பற்கள் அந்தத் தாளத்தில் இருந்தால் ஏரியில் எதுவும் நடக்கவில்லை. விழுந்தது படத்தின் ஓரம்தான்.

இன்னொன்று. ஆய்வுப் பகுதி கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ 110 கிலோமீட்டரைவிட நீளமாக இருந்தால், அதை மூடும் ஒற்றை சென்டினல்-2 டைல் உலகத்தில் கிடையாது. அதைவிடச் சின்னதாக இருந்தாலும், இரண்டு சதுரங்களின் எல்லையில், அவை ஏறியிருக்கும் அந்த 10 கிலோமீட்டருக்குள்ளும் அடங்காமல் உட்கார்ந்திருந்தால் கிடையாது. அப்போது கன்டெய்ன்ஸ் காலியாகத் திரும்புவதுதான் சரி. ஸ்கிரிப்டைத் திட்டாதீர்கள்.

ஜூன் 7

மூன்று நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்தது. படத்தின் ஜியோமெட்ரி உள்ளடக்குகிறது என்பதற்காக, உள்ளே பிக்சல் இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

இதற்கு லேண்ட்சாட் 7 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2003 மே 31 அன்று அதன் ஸ்கேன் லைன் கரெக்டர் (செயற்கைக்கோள் முன்னே நகர்வதை ஈடுசெய்து வரிகளை ஒழுங்காக அடுக்கும் கருவி) நின்றுபோனது. அன்றிலிருந்து ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் தரவு இல்லை. நடுவில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் அகலப் பட்டை மட்டும் நன்றாக இருக்கும். அங்கிருந்து இருபுறமும் ஓரத்தை நோக்கிப் போகப் போக, ஆப்பு மாதிரி கறுப்புக் கோடுகள் அகன்றுகொண்டே போகும். ஆனால் படத்தின் எல்லைப் பாலிகன்? 2003 க்கு முன்னும் பின்னும் ஒரே மாதிரி அழகான நாற்கரம். கன்டெய்ன்ஸ் ஃபில்டர் இதை ஆனந்தமாக உள்ளே விடும்.

பழைய லேண்ட்சாட் தானே என்று ஒதுக்கிவிட முடியாது. லேண்ட்சாட் 5 இன் டிஎம் என்ற படமெடுக்கும் கருவி 2011 நவம்பரில் நின்றது. லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013 பிப்ரவரி 11. இடைப்பட்ட 2012 முழுவதும் அந்த வரிசையில் கையில் இருப்பது கோடு விழுந்த லேண்ட்சாட் 7 மட்டும்தான். நீண்டகாலத் தொடர் எடுக்கும் எவரும் இந்த இடத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 7, சற்று நேரம் கழித்து

ஆகவே எல்லைக்கோட்டிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, பிக்சலிடமே கேட்கலாம். என் வழி இது: படத்தின் மாஸ்க்கை எடுக்கிறேன் (தரவு உள்ள இடம் 1, இல்லாத இடம் 0). எல்லா பேண்டுகளின் (நிற அலைவரிசைகளின்) மாஸ்க்குகளிலும் குறைந்ததை எடுத்துக்கொள்கிறேன். ஆய்வுப் பகுதிக்குள் அதன் சராசரியைக் கணக்கிடுகிறேன். சராசரி 1 என்றால் முழுக்க நிரம்பியிருக்கிறது, 0.5 என்றால் பாதி. அந்த எண்ணை ஒவ்வொரு படத்துக்கும் 'மூடல்' என்ற பெயரில் ஒரு பண்பாக ஒட்டிவிட்டால், பிறகு எண்ணை வைத்து வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம், வரைபடமும் போடலாம். ஆம் இல்லை என்று மட்டும் சொல்லும் ஃபில்டரைவிட இந்த எண் பல மடங்கு உபயோகம்.

எல்லா பேண்டுகளும் ஏன்? சென்டினல்-2 படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லா பேண்டும் ஒரே இடத்தில் முடிவதில்லை. ஓரத்தில் மெல்லிய வானவில் விளிம்பு மாதிரி ஒன்று தெரியும்: ஒரு சில பிக்சல் அகலத்துக்குச் சிவப்பு மட்டும் இருக்கும், அடுத்து நீலம் மட்டும். உணரிகள் குவிதளத்தில் சற்றே தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருப்பதன் விளைவு. நீரைப் பிரித்துக் காட்டும் நீர்க் குறியீட்டுக்குப் பச்சையும் அகச்சிவப்பும் இரண்டுமே வேண்டும். ஒன்று இருந்து மற்றது இல்லாத பிக்சலால் பயனில்லை.

ஜூன் 8

நேற்று சொன்னதைச் செய்து பார்த்து, எல்லாப் படத்துக்கும் 1 வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பாதி வெட்டுப்பட்ட படத்துக்கும் 1. உங்கள் ஸ்கிரிப்டைப் பார்த்தேன், காரணம் தெரிந்தது. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

காலி இடங்களில் ஒரு எண்ணை நிரப்பும் அன்மாஸ்க் என்ற ஃபங்ஷனில் 0 என்று மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு இரண்டாவது ஆர்கியுமென்ட் ஒன்று உண்டு: பழைய ஃபுட்பிரிண்ட்டையே வைத்துக்கொள்ளவா? எதுவும் சொல்லாவிட்டால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். அப்போது படத்தின் எல்லைக்குள் இருக்கும் ஓட்டைகள் மட்டும் 0 ஆகும். எல்லைக்கு வெளியே இருப்பது இன்னும் 'இல்லாத'தாகவே இருக்கும், சராசரி எடுக்கும்போது கணக்கிலேயே வராது. இருக்கும் பாதியில் சராசரி எடுத்தால் 1 தானே வரும். வகுப்புக்கு வந்தவர்களிடம் மட்டும் வருகைப்பதிவு எடுத்து நூறு சதவீதம் என்று சொல்வது போல.

இரண்டாவது ஆர்கியுமென்ட்டை 'ஃபால்ஸ்' என்று கொடுங்கள். வெளியே எல்லாம் 0 ஆகிவிடும், எண் உண்மையைச் சொல்லும்.

எண்ணிக்கையாகக் கணக்கிட்டாலும் இதே எச்சரிக்கைதான். கீழே வகுக்கும் எண் எப்போதும் ஆய்வுப் பகுதியிலிருந்து வர வேண்டும், படத்திலிருந்து வரக் கூடாது.

ஜூன் 9

குறுக்குவழி ஒன்றைச் சிலர் பரிந்துரைத்திருக்கிறார்கள்: சென்டினல்-2 மெட்டாடேட்டாவில் (படத்தோடு வரும் விவரக் குறிப்பில்) நோடேட்டா, அதாவது தரவில்லாத, பிக்சல் சதவீதம் ஏற்கனவே இருக்கிறதே, அது 0 ஆக உள்ளதை மட்டும் எடுத்தால் போதாதா?

போதும், ஆனால் நிறைய நல்ல படங்களை இழப்பீர்கள். அது முழு டைலுக்குமான எண். ஏரி மேற்கு மூலையில் இருக்கிறது, டைலின் கிழக்கில் 40 சதவீதம் காலி என்றால், அந்தப் படம் உங்களுக்குப் பழுதில்லாத படம்தான். அந்தக் குறுக்குவழி அதைத் தூக்கி வெளியே போட்டுவிடும். முழு டைல்களோடு வேலை செய்பவர்களுக்கு அது சரியான கருவி. ஏரியோடு வேலை செய்பவர்களுக்கு அல்ல.

ஜூன் 12

இனி எழுதுவது முதல் நாள் சொன்ன பதிலையே மாற்றுகிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முழுசாக மூடாத படத்தைத் தூக்கிப்போடுவதுதான் வழி என்று தொடங்கினோம். என் நீர்த்தேக்கத்துக்கு அப்படிச் செய்து பார்த்தபோது வருடத்துக்கு ஏழெட்டுத் தேதிகள்தான் மிஞ்சின. மழைக்காலத்தில் ஒன்றுகூட இல்லை. தரவு உண்மையிலேயே இல்லையா என்று தேதி தேதியாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் இப்படி இருந்தன: நீர்த்தேக்கத்தின் வடக்குப் பகுதி ஒரு டைலில், தெற்குப் பகுதி கீழே உள்ள டைலில். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே குறைப்படம். சேர்த்தால் முழுப்படம். செயற்கைக்கோள் அந்த நூறு கிலோமீட்டரைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 15 வினாடி. அதே சூரியன், அதே காற்று, அதே நீர்மட்டம். கோப்பு மட்டும்தான் இரண்டு.

லேண்ட்சாட்டிலும் அப்படியே. ஒரே பாதையில் அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு இடையே சுமார் 24 வினாடிதான்.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். எந்தப் படம் என் பகுதியை மூடுகிறது என்று கேட்காமல், எந்தக் கடப்பு மூடுகிறது என்று கேளுங்கள். செயற்கைக்கோள் ஒருமுறை தலைக்கு மேல் போனபோது எடுத்ததையெல்லாம் முதலில் மொசைக்காக ஒட்டிவிட்டு, மூடல் சோதனையை அந்த மொசைக்கின்மேல் செய்யுங்கள். கோப்பு எல்லை என்பது சேமிப்பதற்காக மனிதர்கள் போட்ட கோடு. நீர்த்தேக்கத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என் தொடரில் மழைக்காலத் தேதிகள் திரும்பக் கிடைத்தது இப்படித்தான். முதல் நாள் சொன்ன கன்டெய்ன்ஸ் ஃபில்டரை மட்டும் போட்டுவிட்டு யாராவது ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள். நல்ல தரவு வீணாகிறது.

ஒட்டும்போது எதை வைத்துக் கூட்டுவது? தேதி என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும். ஆனால் அந்தத் தேதி யூடிசி (உலகப் பொது நேரம்) தேதி. சென்டினல்-2 நிலநடுக்கோட்டை உள்ளூர்ச் சூரிய நேரப்படி காலை 10.30 க்குக் கடக்கிறது. கிழக்கு 157.5 டிகிரியை ஒட்டி, சாலமன் தீவுகள் இருக்கும் பக்கம், அந்த நேரம் யூடிசி நள்ளிரவு. ஒரே கடப்பின் வடக்குத் துண்டு ஒரு தேதியிலும் தெற்குத் துண்டு மறு தேதியிலும் விழ வாய்ப்பு இருக்கிறது. தேதிக்குப் பதிலாக டேட்டாடேக் (தொடர்ச்சியாக எடுத்த ஒரு பிடிப்பு) அடையாளத்தை வைத்துக் கூட்டினால் இந்தத் தொல்லை எங்கேயும் வராது. நான் இப்போது எப்போதும் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

லேண்ட்சாட்டில் பாதை எண்ணையும் தேதியையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பாதைப் படம் 7 நாளோ 9 நாளோ தள்ளி எடுத்தது. அதைக் கொண்டுவந்து ஒட்டினால், ஒரே ஏரியில் இரண்டு நீர்மட்டங்கள் ஒரு தையல் கோட்டில் சந்திக்கும்.

ஜூன் 12, இரவு

சேர்த்துச் சொல்ல ஒன்று. அதே டைல், அதே நாள், ஆனால் இரண்டு கோப்புகள், இரண்டுமே அரைகுறை. இப்படியும் வரும். டைலின் நடுவில் ஒரு டேட்டாஸ்ட்ரிப் (பிடிப்பின் ஒரு துண்டு) முடிந்து அடுத்தது தொடங்கினால் இப்படி நடக்கும். அழிந்துபோன படம் என்று நினைத்து ஒன்றை நீக்கிவிடாதீர்கள். மேலே சொன்னபடி கடப்பாகக் கூட்டினால் தானாக ஒட்டிக்கொள்ளும்.

ஜூன் 13

மொசைக் போட்டதும் மூடல் எண்கள் கன்னாபின்னாவென்று வருகின்றன என்று சொன்னவருக்கு: மொசைக் ஆன படத்துக்குத் தன் பழைய புரொஜெக்‌ஷன் (பூமியைத் தட்டையாக்கி வரையும் முறை) நினைவில் இருக்காது. எர்த் எஞ்சின் அதற்கு அட்ச தீர்க்கரேகையும் 1 டிகிரி பிக்சலும் கொடுத்துவிடும். 1 டிகிரி என்றால் நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டர். உங்கள் ஏரி ஒரு பிக்சலின் துணுக்கு. சராசரி எடுக்கும்போது ஸ்கேலை, அதாவது பிக்சல் அளவை, நீங்களே எழுதிக் கொடுங்கள்.

எவ்வளவு ஸ்கேல்? மூடல் சோதனைக்கு 10 மீட்டர் வேண்டியதில்லை. 60 மீட்டர் தாராளம், பெரிய பகுதிக்கு 100. சராசரி எடுக்கும் ரெட்யூஸ்ரீஜன் ஃபங்ஷன் கேட்காமலேயே வைத்திருக்கும் வரம்பு 1 கோடி பிக்சல். 10 மீட்டரில் அது 1000 சதுர கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் பிழை வரும். உடனே பலரும் பெஸ்ட்எஃபர்ட் என்பதைப் போட்டுவிடுகிறார்கள். அது சத்தமில்லாமல் ஸ்கேலைப் பெரிதாக்கிக்கொள்ளும். நீங்களே தேர்ந்தெடுத்த 60 க்கும், அது தேர்ந்தெடுத்த ஏதோ ஒன்றுக்கும் வித்தியாசம் உண்டு.

ஜூன் 15

ஒரே படம் இரண்டு முறை வருகிறதா? பழைய சென்டினல்-2 தரவைப் புது முறையில் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் 'N' என்ற ஆங்கில எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் பதப்படுத்தல் பதிப்பு. புதியதை வைத்துக்கொண்டு பழையதை விடுங்கள். மூடல் எண்ணை இது பாதிக்காது, ஆனால் 2022 ஜனவரி 25 முதல் பிக்சல் மதிப்புகளில் 1000 கூட்டப்பட்டிருக்கிறது. பதிப்பு கலந்தால் நீர்க் குறியீடு குழம்பிவிடும்.

ஜூன் 18

எர்த் எஞ்சின் இல்லாமல் பைத்தானில் ஸ்டாக் கேட்டலாக்கில் (செயற்கைக்கோள் படங்களைப் பட்டியலிடும் பொது முறை) தேடுபவர்களுக்கு.

அங்கேயும் இன்டர்செக்ட்ஸ் என்றால் உரசல்தான். எல்லாச் சேவைகளிலும் 'உள்ளடக்கும்' தேடல் இருக்காது. அதனால் உரசியதையெல்லாம் வாங்கி, ஷேப்லி என்ற பைத்தான் நூலகத்தில் சோதிப்பதுதான் எளிது. கன்டெய்ன்ஸா கவர்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். பாலிகனுக்குப் பாலிகன் என்றால் இரண்டும் ஒரே விடைதான். ஓரம் ஓரத்தோடு ஒட்டியிருந்தாலும் இரண்டும் ஒத்துக்கொள்ளும். எல்லைக்கோட்டின் மேலேயே கிடக்கும் புள்ளிக்கோ கோட்டுக்கோதான் வித்தியாசம், கவர்ஸ் ஏற்கும், கன்டெய்ன்ஸ் ஏற்காது. அளவீட்டு நிலையங்களைப் புள்ளிகளாக வைத்து வேலை செய்தால் கவர்ஸ் போடுங்கள்.

கேட்டலாக் தரும் ஜியோமெட்ரி எது என்று ஒருமுறை வரைந்து பாருங்கள். அமேசான் கிளவுடில் இருக்கும் சென்டினல்-2 டைல் தகவல் கோப்பில் இரண்டு பாலிகன்கள் இருக்கும்: ஒன்று முழுச் சதுரம், இன்னொன்று தரவு உள்ள பகுதி. முதலாவதை வைத்துச் சோதித்தால் எதுவுமே வெட்டுப்படாது, எல்லாமே முழுசு என்று வரும்.

பிறகு பாலிகனின் ஓரங்கள். ஃபுட்பிரிண்ட்டில் மூலைகளை மட்டும் கொடுத்திருப்பார்கள். இரண்டு மூலைகளுக்கு இடையே கோடு எப்படிப் போகிறது? ஷேப்லிக்கு அது அட்ச தீர்க்கரேகைத் தாளில் ஒரு நேர்கோடு. எர்த் எஞ்சினுக்கு, வேறு மாதிரி சொல்லாவிட்டால், பூமியின் மேல் குறுகிய பாதை. 45 டிகிரி அட்சரேகையில் 100 கிலோமீட்டர் கிழக்கு மேற்கு ஓரத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் சுமார் 200 மீட்டர் விலகல் வரும். லேண்ட்சாட்டின் 185 கிலோமீட்டருக்கு அது 650 மீட்டரைத் தாண்டும். ஓரத்தில் உட்கார்ந்த ஏரிக்கு ஒரு மென்பொருள் 'ஆம்', இன்னொன்று 'இல்லை' என்று சொன்னால் இரண்டுமே பொய் சொல்லவில்லை. பாலிகனை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உரசுகிறதா என்று பார்க்க அது போதும். தீர்ப்பைப் பிக்சல் சொல்லட்டும்.

180 டிகிரி கோட்டில் வேலை செய்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். ஃபிஜி மேல் விழும் டைலின் ஒரு மூலை 179.8, அடுத்தது கழித்தல் 179.7. இதை வெறும் எண்களாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள், பூமியை முழுக்கச் சுற்றி ஒரு பாலிகன் வரைந்துவிடும். பிறகு அந்த அட்சரேகையில் உலகத்தில் எந்த ஏரியைக் கேட்டாலும் 'உள்ளே இருக்கிறது' என்று சொல்லும். ஜியோஜேசன் தரம், 2016 இல் வந்த ஆர்எஃப்சி 7946, அந்தக் கோட்டில் பாலிகனை இரண்டாக வெட்டிவிடச் சொல்கிறது. எல்லோரும் வெட்டுவதில்லை.

ஜூன் 19

மூடல் சரியாக 1 ஆக இருக்க வேண்டுமா? வேண்டாம். கணக்கில் 0.9998 என்று வரும் முழுப்படம் நிறைய உண்டு. நான் 0.99 வைத்திருக்கிறேன். ஆனால் இந்த எண்ணை என்னிடமிருந்து வாங்காதீர்கள். மூடல் எண்களை வரிசைப்படுத்தி ஒரு வரைபடம் போடுங்கள். எனக்கு வந்தது: 0.99 க்கு மேல் ஒரு பெரிய கூட்டம், 0.6 அருகே ஒரு கூட்டம், 0.2 அருகே ஒன்று, இடையில் கிட்டத்தட்ட யாருமில்லை. ஒவ்வொரு கூட்டமும் ஒரு சுற்றுப்பாதை. அந்த வெறும் இடத்தில் எங்கே வெட்டினாலும் விடை ஒன்றுதான்.

ஜூன் 23

மேகம். முதல் கேள்வியிலேயே 'மேகம் குறைந்த படங்கள்தான்' என்று சொல்லியிருந்தீர்கள். அந்த வடிகட்டலையும் திரும்பப் பார்க்கச் சொல்கிறேன். மெட்டாடேட்டாவில் வரும் மேக சதவீதமும் முழு டைலுக்கானது, 12000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். டைலில் 70 சதவீதம் மேகம், ஏரி மேல் நீலவானம் என்பதும் நடக்கும். 5 சதவீதம்தான் மேகம், அந்த ஐந்தும் ஏரி மேலேயே என்பதும் நடக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அது வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்துவிடும்.

எனவே மேகத்தையும் மூடலைப் போலவே ஆய்வுப் பகுதிக்குள் அளந்துவிடுங்கள். சென்டினல்-2 இன் காட்சி வகைப்பாட்டு அடுக்கில் 0 என்றால் தரவில்லை, 3 மேக நிழல், 8 உம் 9 உம் மேகம், 10 மெல்லிய சிர்ரஸ். கோப்பாக இறக்கி வேலை செய்பவர்கள் ஏரிக்குள் இந்த ஒரு அடுக்கின் எண்ணிக்கையை எடுத்தாலே மூடலும் மேகமும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். லேண்ட்சாட்டில் தர பேண்டின் பூஜ்யாவது பிட் காலி இடத்தைச் சொல்லும், 3 மேகம், 4 நிழல்.

இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிடாதீர்கள். 'பயன்படும் பிக்சல் 80 சதவீதம்' என்று மட்டும் வைத்தால், காலியான 20 படத்தின் ஓரமா மேகமா என்று பிறகு தெரியாது. ஓரம் என்றால் அந்தச் சுற்றுப்பாதையையே மொத்தமாக ஒதுக்கலாம். மேகம் என்றால் அடுத்த கடப்பில் சரியாகிவிடும். இரண்டு எண், இரண்டு பண்பு.

ஜூலை 2

இழையைத் தொடங்கியவர் நேற்றுத் தன் பாலிகனை அனுப்பியிருந்தார். முதல் நாளே அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அது ஏரி அல்ல. ஏரியைச் சுற்றி வரைந்த செவ்வகம். ஏரி வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. செவ்வகத்தின் வடகிழக்கு மூலையிலும் தென்மேற்கு மூலையிலும் நீர் ஒரு துளியும் இல்லை, வெறும் மேட்டுநிலம். அவருடைய தேதிகளில் மூடல் 0.85 என்று ஒரு கூட்டம் இருந்தது, அதை அவர் ஒதுக்கிவைத்திருந்தார். அதில் நான்கு படங்களைத் திறந்து பார்த்தேன். நான்கிலும் பட்டையின் ஓரம் வடகிழக்கு மூலையைத்தான் வெட்டுகிறது. ஏரி ஒரு பிக்சல்கூடக் குறையாமல் உள்ளே இருக்கிறது.

செவ்வகத்தை எடுத்துவிட்டு, ஏரி நிரம்பியிருந்தபோது எடுத்த படத்திலிருந்து அதன் கரையை வரைந்து, 300 மீட்டர் வெளியே தள்ளிக் கொடுத்தேன். வெள்ளக் காலத்தில் கரை நகரும், அதற்குத்தான் 300. டேட்டாடேக்காகக் கூட்டி, அன்மாஸ்க்கில் 'ஃபால்ஸ்' கொடுத்து, 60 மீட்டரில் திரும்ப ஓட்டியாயிற்று. 0.85 கூட்டம் முழுசும் 0.99 க்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. இன்னும் 0.4 அருகே ஒரு கூட்டம் இருக்கிறது, அது உண்மையிலேயே பாதி ஏரி, அந்தச் சுற்றுப்பாதையை விட்டுவிடலாம். பற்கள் போய்விட்டன. தொடரின் மூன்றாவது வருடத்தில் ஒரு இறக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தத் தேதிகளில் மூடலும் முழுசு, மேகமும் இல்லை, படத்தில் வடமேற்குக் கரையில் சேறு வெளியே தெரிகிறது. அந்த இறக்கம் ஏரியுடையது.